ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் உஷாராகுங்கள்

முதன்முதலாக வீடு வாங்கப் போகிறவர்கள், அதிலும் அட்வான்ஸ் கொடுக்க நாள் குறித்துவிட்டவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

நாங்கள் வாங்கியது புது வீடு இல்லை, ஒரு குடும்பம் பல வருடம் இருந்த வீடு. பார்க்கப் போன அன்றே எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. நல்ல வெளிச்சம், பிள்ளைக்குத் தனி அறை. பின்பக்கப் படுக்கையறையில் மட்டும் பெயிண்ட் வாசனை அடித்தது. "நீங்க வர்றீங்கன்னுதான் சார் ஒரு கோட் அடிச்சு வெச்சோம்" என்றார் உரிமையாளர். மற்ற அறைகளில் சுவரெல்லாம் மங்கிப்போய், பிள்ளைகள் கிறுக்கிய பென்சில் கோடுகள்கூட அழியாமல் இருந்தன. இந்த ஓர் அறையில், அதுவும் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பூச்சு. அந்தச் சுவரை ஒட்டி ஆளுயர அலமாரி. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே புரோக்கர் போன் செய்தார். இன்னொரு பார்ட்டி நாளைக் காலையில் பணத்தோடு வருகிறார்களாம், எங்களுக்குப் பிடித்திருந்தால் இன்றைக்கே ஏதாவது கொடுத்துவிட வேண்டுமாம். கொடுத்துவிட்டோம். அந்த இன்னொரு பார்ட்டியை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. அட்வான்ஸுக்குக் கிடைத்தது ஒரு பக்க ரசீது. வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, கட்டடத்தில் குறை தெரிந்தால் விலகிக்கொள்ளலாமா என்று அதில் ஒரு வரி இல்லை. அந்த இரண்டு வரியையும் எழுதி வாங்காமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

குடிவந்து மூன்றாவது மாதம் நல்ல மழை. நான்காம் நாள் காலையில் பார்த்தால் அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக உப்பியிருந்தது. ஒன்றை விரலால் அழுத்தினேன், உடைந்து உள்ளே இருந்து வெள்ளையாகப் பொடி கொட்டியது. உப்பு. செங்கல்லிலும் சாந்திலும் இருக்கும் உப்பை ஊறும் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது, தண்ணீர் காய்ந்ததும் உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அது தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று அப்புறம் வந்த பொறியாளர் சொன்னார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவருக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தது. அவர் சுரண்டிக் காட்டிய இடத்தில் மேலே கிரீம், அதற்கடியில் பட்டி (பெயிண்டுக்கு முன்னால் சுவரைச் சமப்படுத்தப் பூசுவது), அதற்கடியில் வெள்ளை, மறுபடி பட்டி, கடைசியில் நீலம். அத்தனை தடவை மூடி மறைத்திருக்கிறார்கள். தெரியாமல் விற்கவில்லை.

உரிமையாளர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வழக்கறிஞரிடம் போனோம். "நீர்க்கசிவு உண்டா என்று எழுத்தில் கேட்டீர்களா, இல்லை என்று அவர் எழுத்தில் பதில் தந்தாரா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எங்களிடம் இருந்ததெல்லாம் வாய்ப்பேச்சுதான்.

"வங்கியிலிருந்து ஆள் வந்து பார்த்தாரே, அவர்கள் சரி என்றால் சரியாகத்தானே இருக்கும்?" என்று நினைத்துத்தான் நாங்கள் தைரியமாக இருந்தோம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, நாம் தவணை கட்டாமல் போனால் கொடுத்த கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. அலமாரியை நகர்த்திப் பார்ப்பது அவர் வேலை இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் கால் மணி நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புரோக்கருக்கு வீடு விற்றால்தான் கமிஷன். கடன் வாங்கித் தந்த ஏஜென்டுக்குக் கடன் கைக்கு வந்தால்தான் காசு. கட்டடத்தைப் பார்க்க ஒருவரை வைக்கலாமா என்று கேட்டபோது, "நம்ம ஆளே இருக்கார்" என்று புரோக்கரே ஒருவரை அழைத்து வந்தார். அவரும் எல்லாம் பிரமாதம் என்றார். எங்களைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் நாங்கள் வாங்கினால்தான் வருமானம். வாங்கினாலும் சரி, வேண்டாம் என்று திரும்பினாலும் சரி, அதே கூலி வாங்கிக்கொண்டு போகிற ஓர் ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. அப்படி ஒரு கட்டடப் பொறியாளரையும், பத்திரம் பார்க்க ஒரு வழக்கறிஞரையும் நீங்களே தேடிப் பிடியுங்கள். சொத்தின் பேரில் பழைய கடனோ வேறு வில்லங்கமோ இருக்கிறதா என்று அந்த வழக்கறிஞர்தான் பார்க்க வேண்டும், விற்பவரின் வழக்கறிஞர் இல்லை.

விற்றுவிட்டு வேறு வீடு பார்க்கலாமா என்றும் யோசித்தோம். கணக்குப் போட்டதும் மனசு விட்டுப்போயிற்று. 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முடியும்போது வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கட்டியிருப்போம். ஆரம்பத் தவணைகளில் 100க்கு 80 வட்டிக்கே போய்விடும். இரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாலும் அசலில் 100க்கு 5கூடக் குறைந்திருக்காது. வட்டி மாறக்கூடிய கடனாக இருந்தால் இந்தக் கணக்கும் மாறும். கையெழுத்துக்கு முன்னால் வங்கியிடம் மாதவாரியான தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்புறம், ரிப்பேருக்கென்று கொஞ்சம் பணத்தைத் தொடாமல் வையுங்கள். நாங்கள் கையில் இருந்த மொத்தத்தையும் முன்தொகையில் போட்டுவிட்டு, குழாயை மாற்றக் கடன் வாங்கினோம்.

வீடு பார்க்கப் போகும்போது அளக்க ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். விளம்பரத்தில் சொன்ன பரப்பில் சுவர்க் கனமும் பொது நடைபாதையும் சேர்ந்திருக்கலாம். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். பூச்சில் தலைமுடி போல ஓடும் கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, நாணயம் நுழையும் அகலத்தில் விரிசல் போனால் பொறியாளர் பார்க்காமல் மேலே பேசவே பேசாதீர்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய் வாருங்கள்.

போன மாதம் என்னோடு வேலை செய்கிற ஒருவர் வீடு பார்க்கக் கூப்பிட்டார், கூடப் போனேன். ஓர் அறையில் சுவரோடு சுவராகக் கட்டில் போட்டிருந்தது. நகர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த வீட்டம்மா தாராளமாகப் பாருங்கள் என்று தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். பின்னால் சுவர் காய்ந்து சுத்தமாக இருந்தது. இருந்தாலும் பொறியாளரை வரச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம்.