"அம்மா அமைதியா இருக்காங்க" என்று இல்லத்தில் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

அப்பா, அம்மா, வேறு பெரியவர் என்று யாரையாவது பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருப்பவர்களும் சேர்க்க யோசிப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விசாரணை நடந்துகொண்டிருப்பதால் இல்லத்தின் பெயரை எழுதவில்லை. எங்களுக்கு நடந்தது எந்த இல்லத்திலும் நடக்கலாம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் புரியும். ஞாபகம் அவ்வப்போது தப்பும். வீட்டில் 5 மாதம் நானும் தம்பியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஒருநாள் கட்டிலிலிருந்து தூக்கும்போது இருவருமே அம்மாவோடு சேர்ந்து கீழே விழுந்தோம். அதன் பிறகுதான் இல்லம் தேட ஆரம்பித்தோம். ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். அம்மாவைச் சேர்த்ததற்காக நான் வருந்தவில்லை. சேர்த்த பிறகு 6 வாரம் எதையும் கேட்காமல் இருந்ததற்காக வருந்துகிறேன்.

சேர்க்கும் அன்று 14 பக்க ஒப்பந்தம் நீட்டினார்கள். "எல்லாம் வழக்கமானதுதான், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார் மேனேஜர். அம்மாவை அறையில் படுக்க வைக்கும் அவசரத்தில் போட்டுவிட்டேன். "நிர்வாகம் தேவை எனக் கருதும் மருந்துகளையும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளையும் பயன்படுத்த குடும்பத்தினர் சம்மதிக்கிறார்கள்" என்ற வரி 9ஆம் பக்கத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே அம்மாவின் கையெழுத்துக்கோ கைரேகைக்கோ இடமே விடப்படவில்லை. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, நான் உட்பட.

முதல் 15 நாள் வர வேண்டாம், வந்தால் அம்மா செட்டில் ஆக மாட்டார் என்றார்கள். அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு படம். எல்லாப் படத்திலும் அதே ஜன்னல், அதே நாற்காலி, பாதி மூடிய கண்கள். போன் செய்தால் "அம்மா நல்லா இருக்காங்க, ரொம்ப அமைதி, தொந்தரவே இல்ல" என்பார்கள். என் அம்மா அமைதியானவர் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகும் குழறிய குரலில் எல்லோரையும் அதட்டியவர். அந்த வார்த்தை கேட்ட அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

15 நாள் கழித்துப் போனபோது நாற்காலியில் இடுப்பைச் சுற்றி பெல்ட் கட்டியிருந்தார்கள். விழாமல் இருக்கத்தான் என்றார்கள், நம்பினேன். கட்டி வைத்தால் விழுவது குறையாது என்பதும், கால்களில் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும் என்பதும், பெல்ட்டில் சிக்கி உயிரே போன சம்பவங்கள் உண்டு என்பதும் அன்று எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1987லேயே, தண்டிப்பதற்காகவோ ஊழியர்களின் வசதிக்காகவோ யாரையும் கட்டக்கூடாது, மருந்தால் மயக்கியும் வைக்கக்கூடாது என்று நர்சிங் இல்லங்களுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்தான் எங்களைக் காப்பாற்றினார். வாசல்வரை கூடவே வந்து, "அக்கா, ஒரு தடவ சொல்லாம ராத்திரில வந்து பாருங்க, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். இரவில் 30 பேருக்கு அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இப்படிப்பட்டவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு நிர்வாகத்தை விட்டுவிடும் தவறை நீங்களும் செய்யாதீர்கள்.

6ஆவது வாரம் ஒரு நாள் இரவு 8 மணிக்குப் போய் நின்றேன். எல்லா அறையும் இருட்டு. அம்மாவின் அழைப்பு மணி ஒயரைச் சுருட்டி, கை எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். தண்ணீர் டம்ளர் செயலிழந்த கைப்பக்கம் இருந்தது. போர்வையை விலக்கிப் புரட்டினேன். முதுகின் அடியில், இடுப்பெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். படுக்கைப் புண் பெரும்பாலும் ஒரே நாளில் இந்த அளவுக்குப் பெரிதாவதில்லை. முதலில் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. எழ முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் பார்க்கப் போகும்போது முதுகடி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் மூன்றையும் துணி விலக்கிப் பாருங்கள். கூச்சப்பட்டுத்தான் நான் அதுவரை பார்க்காமல் இருந்தேன்.

அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்னென்ன மாத்திரை போகிறது என்பது. இல்லத்தில் மருந்துச் சார்ட் கேட்டால் "அது எங்க உள் ஆவணம், தர முடியாது" என்றார்கள். அப்போது தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. மாத பில்லில் "மருந்து" என்று மொத்தமாகப் போட்டிருந்த தொகைக்கு விவரம் கேட்டான். கணக்குப் பிரிவு யோசிக்காமல் அனுப்பிவிட்டது. அதில் குவெட்டியாபைன் இருந்தது, மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் மரண ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. எங்களிடம் ஒரு போன்கூடச் செய்யாமல் தினமும் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "ராத்திரில கத்தினாங்க, மத்தவங்க தூங்க வேண்டாமா" என்று பதில்.

பரிசோதனையில் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது தெரிந்தது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் திடீர்க் குழப்பம் வரலாம், பிதற்றலாம், கத்தலாம் என்றார் டாக்டர். எளிய சிறுநீர்ப் பரிசோதனை செய்திருக்க வேண்டிய இடத்தில் மயக்கி வைத்திருக்கிறார்கள். தொற்றுக்கு மருந்து கொடுத்து, அந்த மாத்திரையை டாக்டரே படிப்படியாகக் குறைத்தார். (இந்த மாதிரி மாத்திரைகளை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.) 9ஆம் நாள் அம்மா முழு வாக்கியமாகப் பேசினார். "கூப்டேன், கூப்டேன், யாருமே வரல."

புகார் சொன்னபோது மேனேஜர், "பிடிக்கலன்னா 24 மணி நேரத்துல ரூமைக் காலி பண்ணுங்க" என்றார். முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. பல குடும்பங்கள் இந்த ஒரு மிரட்டலுக்குப் பயந்துதான் வாய் திறப்பதில்லை. வேறு இடம் கிடைக்காதே என்ற பயம், உள்ளே இருப்பவரிடம் பழி தீர்ப்பார்களோ என்ற பயம். எங்களுக்கும் இருந்தது.

அதனால் வாய்ச்சண்டையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டோம். என்ன மருந்து, யார் எழுதியது, எந்தத் தேதியிலிருந்து, எதற்காக, யாரிடம் சம்மதம் வாங்கினீர்கள் என்று கேட்டுக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினோம். புண்ணின் படம், மணி ஒயரின் படம், மருத்துவமனை அறிக்கை, பில் எல்லாம் சேர்த்து, இல்லத்துக்கு உரிமம் வழங்கிய அதிகாரிக்கு அனுப்பினோம். உங்கள் ஊரில் உரிமம் தருவது யார், ஆய்வு செய்வது யார் என்று சேர்ப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லவாசிகளுக்காகவே தனிக் குறைதீர்ப்பாளர் உள்ள நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் 1978 முதல் ஒவ்வொரு மாநிலத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு கட்டாயம்.

ஐ.நா. பொதுச்சபை 1991இல் ஏற்றுக்கொண்ட முதியோர் கோட்பாடுகளில், எந்தப் பராமரிப்பு இடத்தில் இருந்தாலும் கண்ணியமும் அந்தரங்கமும் மதிக்கப்பட வேண்டும், தன் பராமரிப்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்று இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் அந்த 14 பக்கத்தில் அம்மா எங்குமே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. இப்போது வேறோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

பழைய இடத்தில் ஆய்வு நடந்திருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. அன்றிரவு அம்மாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பக்கத்துக் கட்டில் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருடைய மணி ஒயரும் அதே ஆணியில்தான் தொங்கியது. பெயர் தெரியாததால், புகாரில் அவருடைய கட்டில் எண்ணை எழுதியிருக்கிறேன்.