காங்கேயத்தில் ஒரு வாரிசுச் சான்றும் ஒரு வங்கிக் கணக்கும்

அப்பா காலமான பிறகு அலுவலக வேலைக்கென்றே ஊருக்கு வந்த பயணம் இது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இதே வேலை என்றைக்காவது வரும். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். பெரியவர்கள் தெம்பாக இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காகிதங்களைச் சரி பார்த்துவிட வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

எங்கள் பூமி காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். கொஞ்சம் தென்னந்தோப்பு, மீதி கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். அப்பாரு (தாத்தா) வாங்கிய கிரயப் பத்திரத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றிருக்கிறது. 1979-ல் பெரியார் மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகு எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பெரியார் மாவட்டம். 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவாகி, காங்கேயம் அதற்குள் போனதால் இன்றைய பட்டாவில் திருப்பூர் மாவட்டம். மாவட்டம் மாறியதால் யாரும் எங்களை அலைய விடவில்லை, அது அலுவலகத்தாருக்குப் பழகிய விஷயம்.

அலைய வைத்தது பெயர். பத்திரத்தில் அப்பா பெயரோடு கவுண்டர் என்று சேர்ந்திருக்கிறது. பட்டாவில் வெறும் பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால். என் பாஸ்போர்ட்டிலோ என் இனிஷியல் விரிந்து, அப்பா பெயரே குடும்பப் பெயராக நிற்கிறது. எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழி எழுதிக் கொடுத்துத்தான் சில மேசைகளைத் தாண்ட முடிந்தது. அப்பா இருந்திருந்தால் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் அவரே ஒரு நடையில் சரி செய்திருப்பார். அவர் போன பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் சாட்சி வேண்டியிருக்கிறது.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அங்கே இருந்த பெண் நல்ல விவரம் தெரிந்தவர். இறப்புச் சான்றில் உள்ள பெயரையும் ஆதாரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதிவேற்றினார். மனு கிராம நிர்வாக அலுவலருக்குப் போய், வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தார் கையெழுத்துக்குப் போகிறது. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மணியகாரர் என்றே கூப்பிடும் அந்த அலுவலர் விசாரணைக்கு வீட்டுக்கே வந்தார். வந்ததும் கேட்டது அப்பாவைப் பெற்ற ஆத்தாவைப் பற்றி.

"வாரிசுல உங்க பேரும் வரோணுமுங்க ஆத்தா."

"என்ற பையனே போயிட்டான், எனக்கெதுக்கு சாமி? எல்லாம் பிள்ளைகளுக்கே எழுதிக்குங்க."

"குடுக்கறது உங்க இஷ்டமுங்க. ஆனா மொதல்ல பேரு வரோணும்."

அவர் சொன்னது சரி. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த மகனின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகள் பெயரை மட்டும் கொடுத்து முடித்துவிட்டு, பின்னால் பூமியை விற்கப் போகும்போது திணறுகிறவர்கள் உண்டு. அதனால் பாட்டி இருக்கும் வீட்டில் அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆத்தாவின் கைரேகை காலமெல்லாம் தேங்காய் மட்டை உரித்துத் தேய்ந்தது, ரேஷன் கடை மெஷின் பல மாதம் எடுக்காது. மணியகாரர் மைப் பெட்டியைத் திறந்து, அவர் கட்டைவிரலைத் தானே பிடித்து மெதுவாக உருட்டி எடுத்தார். கீழே 'இடது பெருவிரல் ரேகை' என்று எழுதி, பக்கத்துத் தோட்டத்து மாமாவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எண்பது தாண்டிய ஒருவரை அலுவலகத்துக்கு இழுக்காமல் அவர் செய்த இந்த வேலைக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

என் சேமிப்புக் கணக்குக்காகப் போன வங்கியில் அந்த அனுபவம் இல்லை. வெளிநாட்டில் குடியேறியவர் ஊரில் வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்காக, மாற்ற வேண்டும் என்பது ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. கவுண்டரில் இருந்தவர், "அப்படியே ஓட்டுங்க சார், யாரு கேக்கப் போறாங்க" என்றார். கேட்கும் நாள் வரும்போது அவர் அந்தக் கிளையில் இருக்க மாட்டார். மேலாளரைப் பார்த்து, பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, சிங்கப்பூர் முகவரிச் சான்று, பான் எல்லாம் கொடுத்தும், படிவம் பெரிய கிளைக்குப் போய்த் திரும்பி வந்தது. தோப்புக் குத்தகைப் பணம் இனி இந்தக் கணக்குக்குத்தான் வரும். வட்டியில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். இரட்டை வரி ஒப்பந்தச் சலுகை வேண்டுமென்றால் சிங்கப்பூர் வரித்துறையின் குடியிருப்புச் சான்றைக் கொடுக்க வேண்டும். அம்மாவைக் கணக்கில் சேர்க்க முடிந்தது. இந்தியாவில் இருக்கும் நெருங்கிய உறவினரை 'முதலாமவர் அல்லது பின் இருப்பவர்' என்ற முறையில்தான் சேர்ப்பார்கள், அதாவது முதலாமவர் இருக்கும்வரை கணக்கு அவர் கையில், அவருக்குப் பிறகே மற்றவருக்கு.

பான் அட்டை விஷயத்தையும் அப்படியே பார்த்துக்கொண்டேன். என்.ஆர்.ஐ-க்கு, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கு, ஆதார் இணைப்பு கட்டாயமில்லை. ஆனால் வருமான வரித் தளத்தில் நம் நிலை இன்னும் இந்தியாவில் வசிப்பவர் என்றே இருந்தால் பான் செயலிழந்துவிடும். ஆதார் ஓடிபி வெளிநாட்டு எண்ணுக்கு வராது என்பதால் ஊர் சிம்மை உயிரோடு வைத்திருப்பது அவசியம். அது அம்மாவின் போனில் இரண்டாவது சிம்மாக இருக்கிறது.

இதற்கிடையில் பக்கத்துக் கொறங்காடு விலைக்கு வந்தது. மாமா ஆசையாகக் கேட்டார், "வேலி ஒண்ணாயிருமப்பா, வாங்கிப் போடு." என்.ஆர்.ஐ விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம், விற்றால் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான் விற்கலாம். சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தம்தான். ஈரோட்டில் இருக்கும் அக்கா தன் பணத்தில் வாங்க யோசிக்கிறாள்.

இனி பாக்கி தம்பியின் பவர், அதாவது அவன் சார்பில் இங்கே கையெழுத்துப் போட அவன் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். சிட்னியிலிருந்து அவனால் வர முடியவில்லை. அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறான். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். அது வரும் கூரியர் உறையைத் தூக்கிப் போட வேண்டாம், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.