நுரை பொங்கினால்: ஏர்லாக்கா, அகலக் குழாயா?

வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்கு முதல் மூன்று நாள்தான் கண்டம். ஈஸ்ட் வேகம் பிடித்ததும் நுரை மூடி வரை ஏறும். ஜெர்மன் கோதுமை பீருக்கான ஈஸ்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஏர்லாக் என்பது பீர் நொதிக்கும் கலனின் மூடியில் செருகும், நீர் ஊற்றிய சிறு அடைப்பான்; உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. சின்னது, மலிவு. குமிழ் விடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அதன் வழி குறுகல். நுரையோடு வரும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) துணுக்குகள் அதில் அடைத்துக்கொண்டால், கரியமில வாயு போக இடமில்லாமல் மூடியே தெறிக்கும், சுவரெல்லாம் பிசுபிசுப்பு. 30 லிட்டர் கலனில் 19 லிட்டர் மட்டும் ஊற்றி, 18 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் பெரும்பாலும் ஏர்லாக்கே போதும்.

கலன் கழுத்து வரை நிறைந்திருக்கிறதா? அப்போது அகலக் குழாய்தான் என் தேர்வு. ஒரு முனை மூடியில்; மறுமுனை, கிருமிநீக்கி கலந்த வாளி நீரில். நுரையும் ஈஸ்ட்டும் வாளிக்குப் போய்விடும். கொஞ்சம் பீரும் போகும், பரவாயில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கலனைக் குளிரவைத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, வாளி நீரைக் குழாய் உறிஞ்சிவிடும். அதனால் நுரை அடங்கியதுமே குழாயைக் கழற்றிவிட்டு ஏர்லாக்கை மாட்டிவிடுவேன்.