தைராய்டு டெஸ்ட்: லேப் பேக்கேஜா, பிரைவேட் ஸ்பெஷலிஸ்ட்டா, கிளினிக் கெசிஹாத்தானா?

கோலாலம்பூர்ல தைராய்டு சந்தேகம் வந்தா ரத்தம் எடுக்க மூணு வழி இருக்கு. ஒண்ணு, ஷாப்லாட்ல இருக்குற லேப், பேக்கேஜ் வாங்கிட்டு நேரா போய் கைய நீட்டலாம். ரெண்டு, பிரைவேட் ஆஸ்பத்திரி எண்டோகிரைன் (ஹார்மோன்) ஸ்பெஷலிஸ்ட். மூணு, நம்ம கிளினிக் கெசிஹாத்தான், அதாவது கவர்மெண்ட் சுகாதார கிளினிக். லேப்ல ஆரம்பிச்சு கவர்மெண்ட் கிளினிக்ல முடிச்சவ என் தோழி, ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனது என் நாத்தனார், நான் சில வருஷமா தைராய்டு குறைவுக்கு போடுற தைரொக்சின் மாத்திரைய கவர்மெண்ட் கிளினிக்ல வாங்கிப் போடுறவ. அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு மறைக்க ஒண்ணுமில்ல, மூணாவது பக்கம்தான்.

எல்லாருக்கும் தெரிஞ்சத சட்டுனு சொல்லிடுறேன். வேகம்னா லேப், சொகுசுன்னா பிரைவேட், காசுன்னா கவர்மெண்ட். கிளினிக் கெசிஹாத்தான்ல குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), அங்கிருந்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்புனா அஞ்சு வெள்ளி. காத்திருக்கணும், கூட்டம் இருக்கும், ஃபேன் சுத்தும் ஆனா காத்து வராது, இதெல்லாம் புதுசா சொல்ல வேண்டியதில்ல. மைசெஜாத்ரா ஆப்புல அப்பாயின்மென்ட் போட்டுட்டு போனா கொஞ்சம் பரவாயில்ல, சில கிளினிக் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் திறந்திருக்கு, ஆனா ரத்தம் எடுக்குறது பெரும்பாலும் காலையிலதான்.

இப்ப தோழி கதை. முப்பத்தெட்டு வயசு, ரெண்டு புள்ள, ஆபீஸ் வேல. ஒரு வருஷமா அசதி, முடி கொத்து கொத்தா வருது, ஏர்கோன்ல எல்லாரும் சும்மா இருக்கையில இவ மட்டும் ஸ்வெட்டர், பீரியட்ஸ் தாறுமாறு. வீட்டுல கேட்டா “வேல ஜாஸ்தி, தூக்கம் பத்தல”ன்னு முடிச்சிட்டாங்க. கம்பெனி செலவுல பாக்குற பேனல் கிளினிக் டாக்டர் பார்த்துட்டு அயர்ன் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. தப்பு சொல்ல முடியாது, ரத்தசோகைக்கும் இதே அறிகுறிதான், மனச்சோர்வுக்கும் இதே அறிகுறிதான், தைராய்டுக்குன்னு தனியா ஒரு அறிகுறி கிடையாது. அதனாலதான் ரத்தத்துல பாக்காம யாரும் அடிச்சு சொல்ல முடியாது.

அவளா ஒரு லேப்புக்கு போயி பெண்கள் ஃபுல் பேக்கேஜ் ஒண்ணு எடுத்தா. கொலஸ்ட்ரால், சர்க்கரை, கிட்னி, லிவர், கூடவே தைராய்டு. கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் சேர்ந்து இருக்கறதால சாப்பிடாம வரச் சொன்னாங்க, தைராய்டுக்கு மட்டும்னா பசியாறிட்டே போகலாம், பலருக்கு இது தெரியாம காலையில பட்டினி கிடக்குறாங்க. ரிப்போர்ட் வாட்சாப்புல வந்துச்சு, அழகான கலர் ரிப்போர்ட், டிஎஸ்எச் (தைராய்ட வேல வாங்க மூளையிலேர்ந்து வர்ற ஹார்மோன், தைராய்டு மந்தமானா இது ஏறும்) நார்மல் கோட்டுக்குள்ள, ஃப்ரீ டி4 (தைராய்டே சுரக்குற ஹார்மோன்) கோட்டோட மேல் ஓரத்துல. கொலஸ்ட்ரால் மட்டும் சிவப்பு. “பாருடி, தைராய்டெல்லாம் ஒண்ணுமில்ல, எண்ணெய குறைக்கணுமாம்”னு எனக்கு ஃபார்வர்ட் பண்ணா.

லேப்போட பெரிய பலமே யாரையும் கேக்காம போய் எடுக்கலாம்கறதுதான். பலவீனமும் அதேதான், உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கவுன்டர்ல இருந்த பொண்ணு ஐசி (அடையாள அட்டை) நம்பர் கேட்டுச்சு, காசு கேட்டுச்சு, அவ்வளவுதான்.

நான் விடல, என் கூட கிளினிக் கெசிஹாத்தானுக்கு இழுத்துட்டு போனேன். நம்பர் எடுத்து, பிபி பார்த்து, வெயிட் பார்த்து, கடைசியா ஒரு சின்ன வயசு டாக்டர், மலாய்காரப் பொண்ணு. லேப் ரிப்போர்ட்ட மேலோட்டமா பார்த்துட்டு ஓரமா வச்சிட்டு முதல்ல கேட்டது, “வேற என்ன மாத்திரை, சப்ளிமென்ட் எடுக்கறீங்க?” இவ ஒண்ணுமில்லைன்னா. “முடிக்கு?” அப்பதான் ஹேண்ட்பேக்க திறந்து ஒரு டப்பாவ எடுத்தா, ஆன்லைன்ல வாங்குனது, முடி, நகம், தோலுக்குன்னு போட்டிருக்கு, பயோடின்ங்கற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். டாக்டர் டப்பாவ திருப்பி அந்த எண்ண விரலால தொட்டு காட்டி, இத ஒரு வாரம் நிறுத்திட்டு வந்து மறுபடி ரத்தம் குடுங்கன்னாங்க.

விஷயம் என்னன்னா, நம்ம உடம்புக்கு ஒரு நாளைக்கு தேவப்படுற பயோடின் முப்பது மைக்ரோகிராம் மாதிரிதான். தைராய்டு அளக்குற மெஷின்கள்ல நெறய பயோடின வச்சே ரசாயனம் ஒட்டுற முறையில ஓடுது, ரத்தத்துல அது அளவுக்கு மீறி மிதந்தா கணக்கு புரண்டுடும், டிஎஸ்எச் உள்ளத விட குறைவா காட்டும், டி4 உள்ளத விட கூட காட்டும். அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே இதுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு. எல்லா மெஷினுக்கும் இந்தப் பிரச்சன இல்ல, ஆனா நம்ம ரத்தம் எந்த மெஷின்ல ஓடுதுன்னு நமக்கு தெரியவா போகுது, டெஸ்டுக்கு குறைஞ்சது ரெண்டு நாள் முன்னால நிறுத்துறதுதான் புத்திசாலித்தனம். கொடுமை என்னன்னா தைராய்டு குறைஞ்சா முடி கொட்டும், முடி கொட்டுனா பொம்பளைங்க முதல்ல வாங்குறது பயோடின், அந்த பயோடினே தைராய்ட மறச்சிடுது.

நிறுத்திட்டு எடுத்த ரத்தத்துல டிஎஸ்எச் பதினாலு சொச்சம், ஃப்ரீ டி4 கோட்டுக்கு கீழ. சந்தேகத்துக்கே இடமில்லாத ஹைப்போ, அதாவது தைராய்டு சுரப்பு குறைவு. கொலஸ்ட்ரால் ஏன் ஏறுச்சுன்னும் அப்பதான் புரிஞ்சுது, தைராய்டு மந்தமானா கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், எண்ணெய் மேல பழி போட்டு நாக்க கட்டுனதுதான் மிச்சம்.

இங்க ஒரு சின்ன விஷயம். ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு யூடியூப்ல மெட்ராஸ் டாக்டர் சொல்ற அளவோட ஒப்பிடாதீங்க. இங்க நம்ம ஊரு லேப் ஃப்ரீ டி4ஐ பிகோமோல் கணக்குல தரும், அங்க பெரும்பாலும் நானோகிராம் கணக்கு. அங்க ஒண்ணுன்னா இங்க கிட்டத்தட்ட பதிமூணு. தோழி பிற்பாடு ஒரு ரிப்போர்ட்ல பதிமூண பார்த்துட்டு ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி அழுத கதையும் இருக்கு. ரிப்போர்ட்லயே பக்கத்துல ரேஞ்ச் போட்டிருப்பாங்க, அத மட்டும் பாருங்க.

பிரைவேட் ஸ்பெஷலிஸ்ட் பக்கம் வருவோம். நாத்தனார் போனது நல்ல டாக்டர்கிட்ட, குறை சொல்லவே முடியாது. ஒரே காலையில ரத்தம், ஆன்டி டிபிஓங்கற ஆன்டிபாடி டெஸ்ட், கழுத்துல ஸ்கேன், மத்தியானம் உக்கார வச்சு பொறுமையா விளக்கம், உங்க உடம்பே தைராய்டு சுரப்பிய தாக்குது, பேரு ஹாஷிமோட்டோன்னு படம் போட்டு காட்டுனாரு. கிளினிக் கெசிஹாத்தான்ல அந்த ஆன்டிபாடி டெஸ்ட் சாதாரணமா எழுத மாட்டாங்க, டிஎஸ்எச்சும் டி4மும்தான். காரணம் தெரிஞ்சுக்கணும்னு மனசு அரிக்குறவங்களுக்கு பிரைவேட்தான் லாயக்கு. ஆனா டிஎஸ்எச் தெளிவா ஏறி டி4 இறங்கிட்டா ஆன்டிபாடி இருந்தாலும் இல்லாட்டியும் குடுக்கப்போற மாத்திரை ஒண்ணுதான், ஸ்கேனும் கழுத்துல கட்டி ஏதும் தட்டுப்படாதவங்களுக்கு அவசியமில்ல. நாத்தனார் பில்லு கட்டுறப்பதான் மெடிக்கல் கார்ட நீட்டுனாங்க, படுத்தாதான் செல்லும், வெளிநோயாளிக்கு செல்லாதுன்னுட்டாங்க. நம்மள்ல பாதி பேர் கார்டு இருக்குங்கற தைரியத்துலதான் பிரைவேட்டுக்கு நடக்குறோம், முதல்ல ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டுடுங்க.

இனிமேதான் நான் உண்மையா சொல்ல வந்தது. முதல் டெஸ்ட் எங்க எடுத்தா என்ன, அது ஒரு நாள் வேல. இந்த வியாதியோட செலவும் அலைச்சலும் ரெண்டாவது டெஸ்ட்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. மாத்திரை ஆரம்பிச்சு ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாக்கணும், அதுக்கு முன்னாடி பார்த்து பிரயோஜனமில்ல, தைரொக்சின் உடம்புல பாதி கரையவே ஒரு வாரம் ஆகும், அது நிலைக்கு வந்து மூளைக்கு சேதி போயி டிஎஸ்எச் இறங்க அவ்வளவு நாள் பிடிக்கும். அப்புறம் டோஸ் கூட்டணும், இல்ல குறைக்கணும், மறுபடி ஆறு வாரம் எட்டு வாரம். ஒரு நிலைக்கு வந்த பிறகும் ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவ. பெரும்பாலானவங்களுக்கு இது ஆயுசுக்கும். காரு வாங்குறப்ப விலைய பாக்குறோம், ஆனா கையக் கடிக்குறது சர்வீஸ்தானே, அந்தக் கதைதான்.

நாத்தனார் ரெண்டு ஃபாலோ அப் ஒழுங்கா போனாங்க. டாக்டர் பீஸ், ரத்தம், மாத்திரை, பார்க்கிங், ஒவ்வொரு தடவையும் சேர்த்து பார்த்தா மனசு கேக்கல, அடுத்தத தள்ளி போட்டாங்க, தீபாவளி வந்துச்சு, பள்ளிக்கூட செலவு வந்துச்சு, மாத்திரை முடிஞ்சுது, “இப்ப நல்லாதானே இருக்கேன்”னு அப்படியே விட்டுட்டாங்க. அஞ்சாறு மாசத்துல முகம் உப்பி, குரல் கம்மி, பழையபடி. மாத்திரை விலை ஒண்ணும் பெருசில்ல, தைரொக்சின் மலிவுதான், ஃபார்மசில சீட்டு காட்டுனா கிடைக்கும், ஆனா டோஸ பாத்து மாத்த ஒரு ஆளு வேணுமே.

லேப் பேக்கேஜ் இந்த இடத்துலதான் மொத்தமா படுத்துடுது. ரிப்போர்ட் வரும், மனுஷன் வரமாட்டான். ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னு யாரும் போன் பண்ண மாட்டாங்க, பண்ணா அடுத்த பேக்கேஜுக்கு ஆஃபர்னு பண்ணுவாங்க. ஒவ்வொரு தடவையும் எங்க மலிவோ அந்த லேப்னு மாத்தி மாத்தி எடுத்தா ரேஞ்சும் மெஷினும் மாறும், போன தடவைக்கும் இந்த தடவைக்கும் ஒப்பிடவே முடியாது.

கிளினிக் கெசிஹாத்தான்ல ஒரு தடவ பேர் ஏறிட்டா அது உங்கள விடாது. அடுத்த ரத்தத்துக்கு தேதி, அதுக்கடுத்து டாக்டருக்கு தேதி, அட்டையில எழுதி குடுத்துடுவாங்க, ரத்தமும் பெரும்பாலும் அதே லேப்புக்குதான் போகும். மாத்திரைய மாசா மாசம் வாங்கிக்கலாம், சில இடத்துல டிரைவ் த்ரூ ஃபார்மசி இருக்கு, தபால்ல அனுப்புற உபாத் மெலாலுயி போஸ் திட்டமும் இருக்கு, பெருசுங்க இருக்குற வீட்டுக்கு அது வரப்பிரசாதம். ஃபார்மசி கவுன்டர்ல சொல்லி குடுக்குறதும் உருப்படியா இருக்கும். வெறும் வயித்துல, தண்ணியோட, கோப்பிக்கும் பசியாறுறதுக்கும் அரைமணியிலேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடி. அயர்ன், கால்சியம் மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. சோயா பாலும் கூடவே வேணாம். தோழி காலையில தே தாரிக்கோடயே மாத்திரைய முழுங்கிட்டு இருந்தா, பேனல் கிளினிக்ல குடுத்த அந்த அயர்ன் மாத்திரையும் சேர்த்து. ஃபார்மசிஸ்ட் பையன் கேட்டு தெரிஞ்சுக்கிட்டு அயர்ன ராத்திரிக்கு மாத்திவிட்டான், அடுத்த டெஸ்ட்ல டோஸ் கூட்டாமயே டிஎஸ்எச் இறங்கியிருந்துச்சு.

குறையும் இருக்கு, மறைக்கல. ஒவ்வொரு தடவையும் வேற டாக்டர் இருக்கலாம், முதல்லேர்ந்து கதை சொல்லணும். ரிசல்ட் அன்னைக்கே கையில வராது. கிளினிக்ல இருந்த நேரத்துக்கு தர்ற டைம் ஸ்லிப்ப ஏத்துக்காத பாஸ் ஆபீஸ்ல இருந்தா பெரிய தலவலி. டிஎஸ்எச் நாலுக்கும் பத்துக்கும் நடுவுல, டி4 சரியா இருக்குற கேஸ்ல மாத்திரை தராம ரெண்டு மூணு மாசம் கழிச்சு வாங்கன்னுடுவாங்க. அது கவனக்குறைவு இல்ல, வைத்திய முறையே அதான், நெறய பேருக்கு தானா இறங்கிடும். ஆனா அசதியில கிடக்குறவங்களுக்கு அத கேட்டா எரிச்சல்தான் வரும்.

பேனல் கிளினிக் ஜிபி (பொது டாக்டர்) நடுவாப்புல ஒரு வழி. டிஎஸ்எச், ஃப்ரீ டி4 ரெண்டு மட்டும் எழுதி குடுங்கன்னு கேட்டா பேக்கேஜ விட சிக்கனமா முடியலாம், ரெஃபரல் லெட்டரும் கிடைக்கும். டாக்டர பொறுத்தது, நல்ல ஜிபி அமைஞ்சா அங்கயே ஃபாலோ அப் வச்சுக்கலாம், எனக்கு அமையல.

என் கணக்கு ஹைப்போவுக்கு மட்டும்தான் செல்லும். ஹைப்பர், அதாவது தைராய்டு அதிகமா சுரக்குற பக்கம், எனக்கு அனுபவம் குறைவு. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நல்லா சாப்பிட்டும் எடை இறங்குறது, கண்ணு முழி துருத்துறது, இதுக்கெல்லாம் வரிசைய நம்பி உக்காராம சீக்கிரம் ஸ்பெஷலிஸ்ட் பார்வைக்கு போறதுதான் சரின்னு படுது. அதுக்கு தர்ற கார்பிமசோல் மாத்திரைல காய்ச்சலோ தொண்டைப்புண்ணோ வந்தா மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே ரத்தம் பாக்கணும், வெள்ளையணு குறைஞ்சிருக்கலாம். கழுத்துல கட்டி தட்டுப்பட்டாலும் காசிருந்தா பிரைவேட்ல ஸ்கேன முடிச்சுட்டு, சிக்கலான கேஸுன்னா கவர்மெண்ட்லயே புத்ராஜெயா ஆஸ்பத்திரி எண்டோகிரைனுக்கு பேர் போனது, அங்க ரெஃபர் பண்ண கேக்கலாம். கர்ப்பமா இருக்கறவங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க அத கவுன்டர்லயே சொல்லிடுங்க, அவங்களுக்கு அளவுகோலே வேற, மூணு மாசம் பொறுத்து பாக்குற கதையெல்லாம் கிடையாது.

போறப்ப ஐசி, பழைய ரிப்போர்ட் எல்லாம், அப்புறம் வீட்டுல போடுற மாத்திரை டப்பா அத்தனையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க, பேர சொல்ல வேணாம், டப்பாவையே மேசையில வைங்க.