காரைக்குடியில் ஒரு வீல் அலைன்மெண்ட் பட்டறை: திரையைப் பார்க்கும் முன் வண்டியின் அடியைப் பார்ப்பவர்கள்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை செல்லும் சாலையில் உள்ள, சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் ஒரு வீல் அலைன்மெண்ட் பட்டறையைப் பற்றிய மதிப்பீடு இது. செட்டிநாட்டில் டயர் விற்கும் கடைகள் பலவற்றில் இப்போது அலைன்மெண்ட் இயந்திரம் வந்துவிட்டது. ஆகவே இயந்திரம் இருப்பதையோ, அது கேமராவும் கணினியும் கொண்ட முப்பரிமாண வகை என்பதையோ ஒரு பட்டறையின் சிறப்பாகச் சொல்வதற்கில்லை. வண்டி மேடையில் ஏறியதும் கணினித் திரையின் பக்கம் போகாமல், விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்கள் என்பதே இந்தப் பட்டறையை நான் பரிந்துரைக்கக் காரணம்.

நான் கொண்டுசென்றது முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்த தூண்) பின்புறம் டார்ஷன் பீமும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் விட்டம்) கொண்ட சிறிய கார். நம் பக்கத்தில் ஓடும் ஸ்விஃப்ட், ஐ20 போன்ற சிறிய கார்கள் பெரும்பாலானவற்றின் அமைப்பும் இதுதான். முன் இடது டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. வண்டி நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றது. பிரேக்கை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. இதற்கு முன் வேறோர் ஊரில் அலைன்மெண்ட் செய்தபோது, டோ என்ற கோணம் பச்சையிலும் (அளவுக்குள்) கேம்பர் என்ற கோணம் சிவப்பிலும் (அளவு தப்பி) அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, “கேம்பர் இந்த வண்டியில அட்ஜஸ்ட் ஆகாது சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆனால் பாதியில் நிறுத்தப்பட்ட உண்மை. இவ்வகைக் கார்களில் தொழிற்சாலையே திருத்துவதற்கு வழி வைத்திருப்பது பொதுவாக முன்சக்கரங்களின் டோவுக்கு மட்டும்தான், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணத்துக்கு. முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் சாய்வான கேம்பரும், பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் காஸ்டரும் பாகங்களின் வடிவத்தாலேயே அமைந்துவிடுபவை. திருகித் திருத்த முடியாத ஒரு கோணம் அளவு தப்பி நிற்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்க வேண்டும், நகர்ந்திருக்க வேண்டும், அல்லது தேய்ந்திருக்க வேண்டும். “அட்ஜஸ்ட் ஆகாது” என்ற இடத்தில் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. இதைப் புரிந்துகொண்டு வேலை பார்ப்பவர்களை இந்தப் பட்டறையில் கண்டேன்.

முதலில் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தார்கள். பிறகு வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு முன்சக்கரத்தையும் இடவலமாகப் பிடித்து ஆட்டி ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளில் ஆட்டம் இருக்கிறதா என்றும், மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டி சக்கரம் திரும்ப இடம் தரும் கீழ்மூட்டான பால் ஜாயிண்டிலோ வீல் பேரிங்கிலோ தளர்வு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அவை நன்றாகவே இருந்தன. கடப்பாரை போன்ற கம்பியை, சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையில் கொடுத்து நெம்பியபோதுதான், இடது ஆர்மின் பின்புற ரப்பர் புஷ் கிழிந்து வாய் பிளந்திருப்பது தெரிந்தது. பிரேக் அழுத்தும்போது வண்டி இடப்பக்கம் இழுத்ததற்குக் காரணம் இதுவே. புஷ் பிடித்து நிறுத்தாததால் ஆர்ம் பின்னால் தள்ளப்படுகிறது. இடது சக்கரத்தின் காஸ்டர் அந்த நேரத்தில் குறைகிறது. காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி சாய்கிறது. வண்டி நிற்கும்போது எடுக்கும் எந்த அளவிலும் இது முழுமையாகத் தெரியாது.

இடப்பக்கமே ஏன் கெட்டது என்று கேட்பவர்கள் நம் ஊர்ச் சாலைகளை நினைத்துப் பார்க்கலாம். பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று கிராமங்களுக்குள் போகும் ஒற்றைத் தார்ச்சாலைகளில் எதிரே பேருந்து வந்தால், நாம் இடது சக்கரங்களைச் செம்மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். மழையில் மண் அரித்துப்போன இடங்களில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே நல்ல படி விழுந்திருக்கும். அந்தப் படியில் இறங்குவதும் ஏறுவதும் எப்போதும் இடது சக்கரங்கள்தாம்.

அளவெடுத்த முறையையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல இடங்களில் சுருக்கிவிடுவது இந்தப் பகுதியைத்தான். சக்கரங்களில் கேமரா பார்ப்பதற்கான குறிப்பலகைகளைப் பொருத்திய பின், வண்டியை மேடையிலேயே சற்றுப் பின்னும் முன்னும் உருட்டி, ரிம்மின் கோணலை இயந்திரம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். பிரேக் பெடலை ஒரு கம்பியால் அழுத்திப் பூட்டினார்கள். முன்சக்கரங்களுக்கு அடியில் சுழலும் திருப்புமேடைகளின் பின்களைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பி, காஸ்டரையும் கிங்பின் சாய்வையும் எடுத்தார்கள். டோவை மட்டும் திருத்தி அனுப்ப நினைப்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைத் தொடுவதே இல்லை.

கேம்பர் இடப்பக்கம் மைனஸ் 1 டிகிரி 35 மினிட்டும், வலப்பக்கம் மைனஸ் 30 மினிட்டும் காட்டியது. ஒரு டிகிரிக்கு 60 மினிட் என்பதால் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கு மேல். வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பதே பொதுவான நடைமுறை. ஆனால் கிங்பின் சாய்வு இடப்பக்கம் 12 டிகிரி 40 மினிட், வலப்பக்கம் 12 டிகிரி 45 மினிட் என்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பட்டறைக்காரர் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கிங்பின் சாய்வு என்பது ஸ்ட்ரட்டின் மேல் பிடிப்பையும் கீழே உள்ள பால் ஜாயிண்டையும் இணைக்கும் கோட்டின் சாய்வு. அது இருபுறமும் ஒத்திருப்பதால், பாடியில் ஸ்ட்ரட் அமரும் கூடும், கீழே உள்ள குறுக்குச் சட்டமும், லோயர் ஆர்மும் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கோட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் உள்ள ஏதோ ஒன்றுதான் வளைந்திருக்கிறது. அது ஸ்ட்ரட்டாக இருக்கலாம், அல்லது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளாக இருக்கலாம். இரண்டில் எது என்று அறிய, ஸ்ட்ரட்டின் மேல் நட்டைச் சற்றுத் தளர்த்தி உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பர் ராடைச் சாவியால் மெல்லச் சுழற்றினார். சுழற்றச் சுழற்றத் திரையில் கேம்பர் எண் கூடியும் குறைந்தும் ஆடியது. நக்கிள் வளைந்திருந்தால் ராடைச் சுழற்றுவதால் எண் அசையாது. வளைந்திருப்பது ராடுதான் என்பது அத்துடன் உறுதியாயிற்று.

“அண்ணே, ராடு வளைஞ்சிருக்கு. இத மாத்தாம நான் டோ மட்டும் வச்சு அனுப்புனா, மறுபடியும் உள்பக்கம் தேஞ்ச டயரோடதான் வருவீங்க” என்றார். அன்றே வேலையை முடித்துப் பணம் வாங்கியிருக்கலாம்; உதிரிபாகம் வரட்டும் என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

சில இடங்களில் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஹைட்ராலிக் ஜாக்கியுடன் கூடிய ஒரு கருவியைப் பூட்டி, திரையில் எண் பச்சையாகும் வரை ஸ்ட்ரட்டையோ நக்கிளையோ எதிர்ப்பக்கம் வளைத்துவிடுவார்கள். அதற்குக் கேம்பர் கரெக்‌ஷன் என்று தனிக் கட்டணமும் உண்டு. ஏற்கெனவே வளைந்த இரும்பை இன்னொரு முறை வளைத்து, அதன் மேல் குடும்பத்தை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டுவது எனக்கு உவப்பான யோசனை அன்று. இந்தப் பட்டறையில் அந்தக் கருவி இல்லை. கேட்டதற்கு, வாங்கும் எண்ணமும் இல்லை என்றார்கள்.

இவ்வளவு கேம்பர் வித்தியாசம் இருந்தும் வண்டி ஏன் ஒரு பக்கமாக ஓடவில்லை என்ற ஐயம் எனக்கு இருந்தது. வண்டி பொதுவாகக் கேம்பர் பிளஸ் பக்கம் கூடுதலாக, அதாவது மைனஸ் குறைவாக, உள்ள பக்கம் இழுக்கும். என் வண்டிக்கு அது வலப்பக்கம். நம் சாலைகள் நீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்தவை. இடப்பக்கம் ஓட்டும் நமக்குச் சாலையின் சரிவே வண்டியை இடப்பக்கம் தள்ளும். ஒன்று வலமும் மற்றொன்று இடமுமாக இழுத்ததில் வண்டி நேராகப் போவதுபோல் இருந்திருக்கிறது. டயரின் உள்விளிம்பு மட்டும் விலை கொடுத்திருக்கிறது. வண்டி நேராகப் போகிறது என்பதை மட்டும் வைத்து அலைன்மெண்ட் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாகங்கள் மதுரையிலிருந்து மறுநாள் வந்தன. ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் அதிர்வைத் தணிப்பது இருபுறமும் ஒவ்வாது என்பதால் முன் ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் ஜோடியாக மாற்றினார்கள். லோயர் ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கிய முறை தனியாகப் பாராட்டத்தக்கது. சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். புது புஷ்ஷும் விரைவில் கிழியும். இவர்கள் போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகு அடியில் புகுந்து இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார்கள்.

அதன் பிறகுதான் டோவுக்கு வந்தார்கள். ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்திப் பூட்டிவிட்டு, இரு பக்க டை ராடுகளையும் தனித்தனியே திருகினார்கள். முந்தைய இடத்தில் ஒரு பக்க ராடை மட்டும் திருகியிருந்ததால்தான் ஸ்டியரிங் கோணலாக நின்றது என்பதை, இரு பக்கமும் வெளியே தெரிந்த மரையின் நீள வித்தியாசத்தைக் காட்டியே விளக்கினார்கள். டோ சிறிய கோணம்தானே என்று அலட்சியப்படுத்துவதற்கில்லை. ஒரு சக்கரம் வெறும் 12 மினிட் தவறித் திரும்பியிருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும் கணக்கு. காரைக்குடியிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் 300 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்க்கப்பட்டிருக்கும். வேலை முடிந்தபின் கேம்பர் இடப்பக்கம் மைனஸ் 35 மினிட்டும் வலப்பக்கம் மைனஸ் 25 மினிட்டும் காட்டியது. முன்னும் பின்னுமான அளவுகள் கொண்ட தாளையும் கொடுத்தார்கள்.

அலைன்மெண்டுக்கு 450 ரூபாய், நான்கு சக்கர பேலன்சிங்குக்கு 400 ரூபாய், ஈய எடைகளுக்குத் தனி. ஷாக் அப்சார்பர், புஷ், கூலி எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்தை ஒட்டி வந்தது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலேயே பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. வரிசைக்கு டோக்கன் கிடையாது; முகூர்த்த நாட்களிலும் முன்னோர் வழிபாடான படைப்பு நாட்களிலும் சென்னையிலிருந்து வரும் கார்கள் குவிந்துவிடுகின்றன, தெரிந்தவர் வண்டி முன்னால் ஏறிவிடுகிறது. பின்சக்கரங்களுக்கு வழுக்குத் தட்டு இல்லை. வண்டியைத் தூக்கி இறக்கிய பின் பின்பக்கம் இயல்பான நிலைக்கு வருவதற்குப் பம்பரை அழுத்தி ஆட்டிவிடுவதோடு சரி. சோதனை ஓட்டம் அடுத்த வளைவு வரை போய்த் திரும்புவதாகவே இருந்தது. வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் குன்றக்குடிச் சாலை வரை ஓட்டிப் பார்த்தார்கள். நைட்ரஜன் காற்றை வலியுறுத்தி விற்பதும் எனக்கு உடன்பாடில்லை. சாதாரணக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று. வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பான இஎஸ்சி உள்ள புதிய கார்கள் பலவற்றில், அலைன்மெண்டுக்குப் பிறகு ஸ்டியரிங் கோண சென்சாரின் பூஜ்ய நிலையை ஸ்கேனர் வைத்துத் திருத்த வேண்டியிருக்கும். அந்த வசதி இங்கே இல்லை. இல்லாதது குற்றமன்று, எச்சரிக்கை விளக்கு எரிந்த பின் கம்பெனி சர்வீசுக்குப் போகச் சொல்வதற்குப் பதிலாக, மேடையில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நான் காத்திருந்தபோது ஒருவர் இதனால் வருத்தத்துடன் கிளம்பினார்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு வகை வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பட்டறை மிகவும் பயன்படும். பெரிய வீட்டின் கொட்டகையில் ஆண்டு முழுவதும் நின்று, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஓடும் கார்கள் இங்கே நிறைய. ஓடாத வண்டிக்கு என்ன கெடப்போகிறது என்று உரிமையாளர்கள் எண்ணுகிறார்கள். ரப்பர் புஷ்கள் ஓட்டத்தால் மட்டுமன்றி வயதாலும் வெயிலாலும் வெடிக்கின்றன. காற்றிறங்கி ஒரே இடத்தில் நின்ற டயர்கள் தட்டையாகி, ஓடும்போது அதிர்கின்றன. அப்படி வந்த ஒரு வண்டிக்கு, இப்போது அலைன்மெண்ட் தேவையில்லை, முதலில் டயரையும் புஷ்ஷையும் மாற்றுங்கள் என்று சொல்லி, பணம் வாங்காமல் அனுப்பியதையும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலையில் திறந்தவுடன் போவது நல்லது. மதியத்துக்கு மேல் மேடை காலியாவதில்லை. முந்தைய அலைன்மெண்ட் தாள் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுகிறார்கள்.