ஹோண்டா சிட்டிக்குக் கடைந்து போட்ட அலுமினிய ஆயில் மூடி: சில வருட அனுபவம்

என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். எஞ்சினின் தலையை மூடும் வால்வு கவரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சுருக்கம் சுருக்கமாகக் காயும் கருப்பு ரிங்கிள் பெயின்ட் அடித்த பிறகு, நடுவில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஆயில் மூடி மட்டும் கண்ணை உறுத்தியது. ஆன்லைனில் விற்கும் கலர் மூடிகள் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு மூடிக்காக எதற்கு அலைய வேண்டும்? கணபதி பக்கம் தெரிந்த லேத் பட்டறையிலேயே செய்துவிட்டேன். அலங்காரச் சாமான்தான், ஆனால் எஞ்சினில் ஆயில் ஊற்றும் வாயை அடைப்பதும் அதுதான். அதனால் ஆயில் கசிகிறதா என்பதை முதலிலும் அழகை அப்புறமும் பார்த்தேன்.

பழைய மூடியின் மரை விட்டம் ஏறக்குறைய 33 மி.மீ. மரைக்கு மரை உள்ள தூரத்தை (பிட்ச்) பார்க்கும் பிட்ச் கேஜில் எந்த இலையும் ஒழுங்காகப் பொருந்தவில்லை. மூன்று மரை தள்ளி அளந்தால் 8.4 வந்தது; அப்படியானால் பிட்ச் 2.8. "தம்பி, இது நம்ம லேத் சார்ட்டுலயே இல்லீங்க, சிஎன்சிலதான் போடோணும்" என்றார் பட்டறை அண்ணன். சிஎன்சி என்றால் கம்ப்யூட்டர் ஓட்டும் லேத். சார்ட்டில் 2.75 இருக்கிறதே என்று அதை வெட்டிக்கொள்ளவும் ஆள் உண்டு. மூன்று மரைக்குள் 0.15 மி.மீ. விலகிவிடும். கையில் இறுகுவதுபோல் தெரிந்தாலும் பாரம் முழுக்க ஒரே மரையில் விழும். எதிரில் இருப்பது வால்வு கவர். அதன் மரை போனால் செலவு வேறு கணக்கு. சிஎன்சியில் இதெல்லாம் தலைவலியே இல்லை, புரோகிராமில் 2.8 என்று போட்டால் முடிந்தது.

மெட்டீரியல் 6061 அலுமினியம், 50 மி.மீ. ராடு. வால்வு கவரும் அலுமினியம்தான் என்பதால் சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரியும். எவ்வளவு சூடானாலும் மூடி பிடித்துக்கொண்டதில்லை. ஆனால் அலுமினியத்தின் மேல் அலுமினியம் உரசினால் மரை தின்னும். மின்சாரம் பாய்ச்சி மேல்தோலைக் கெட்டியாக்கும் ஆனோடைசிங் அதை நன்றாகவே தடுக்கிறது, கூடவே ஆயில் மாற்றும்போது மரையில் விரலால் ஒரு சொட்டு ஆயில் தடவிவிடுகிறேன்.

பிடிமானத்துக்கு நர்லிங் (சொரசொரப்பான கட்டக்கோடு) போடலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். நர்லிங்கில் ஆயிலும் தூசியும் சேர்ந்தால் பல் துலக்கும் பிரஷ் கொண்டு நோண்ட வேண்டும். பதிலாகச் சுற்றிலும் ஆறு அரைவட்டப் பள்ளம், ஒவ்வொன்றிலும் ஒரு விரல் உட்காரும். ஆயில் கை வழுக்கினாலும் திருக முடிகிறது. மேல் முகத்தில் இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை), 1-3-4-2, சின்னதாகச் செதுக்கியது. பானட்டைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்க்க எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான் இதில் உயிர். 3.5 மி.மீ. தடிமன், பள்ளத்தின் ஆழம் 2.7, ரிங் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக நசுங்கும். கடையில் சும்மா கேட்டால் நைட்ரைல் ரப்பர் ரிங்தான் எடுத்துத் தருவார்கள். நூறு டிகிரி ஆயில் சூட்டில் அது நாளடைவில் தட்டையாகி இறுகிவிடும். விட்டான் என்ற ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். நான் போட்டது விட்டான். போட்ட ரிங் அப்படியே இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் இன்றும் திரும்ப எழும்புகிறது, மூடியைச் சுற்றி ஆயில் ஈரம் வந்ததே இல்லை.

ஃபினிஷில்தான் காலம் வேலையைக் காட்டியது. கண்ணாடி மாதிரி பஃபிங் செய்யாமல், பொடிக் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சும் பீட் பிளாஸ்டிங் செய்து நிறமில்லா ஆனோடைசிங் போட்டேன். கீறல் தெரிவதில்லை, துணியால் துடைத்தால் போதும். ஒரு வாட்டர் வாஷில் எஞ்சினுக்கு அடித்த காரம் (ஆல்கலி) மிகுந்த டிகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம், மட்டும் ஓரத்தில் வெள்ளைத் திட்டு விட்டுப் போயிருக்கிறது, எத்தனை தேய்த்தும் போகவில்லை. ஆனோடைசிங்குக்குக் காரம் ஆகாது. அதிலிருந்து எஞ்சினை நானே ஈரத்துணியால்தான் துடைக்கிறேன்.

பீட் பிளாஸ்டிங் செய்பவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: மரையையும் அடிப்பக்கத்தையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மரை இடுக்கில் ஒளிந்திருக்கும் கண்ணாடித் துகளோ அலுமினியப் பிசிறோ உள்ளே விழுந்தால் நேராக வால்வுகளைத் திறக்கும் கேம் மேல்தான். காரில் போடுவதற்கு முன் பெட்ரோலில் பிரஷ் போட்டுக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தேன்.

பிளாஸ்டிக்கைவிட இது மோசமான இடங்களும் உண்டு. வண்டி ஓடி நின்றதும் வெறும் கையால் தொட முடியாது. அப்புறம், ஊட்டியில் டிசம்பர் குளிரில் பக்கத்து இடங்களுக்கு மட்டும் ஓட்டிவிட்டுத் திறந்தபோது மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் கிரீம் படிந்திருந்தது. உலோகம் சீக்கிரம் குளிர்வதால் உள்ளே இருக்கும் நீராவி அங்கே தண்ணீராகி ஆயிலோடு கலக்கிறது. கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிற்றோ என்று பதறத் தேவையில்லை. கூலன்ட் அளவு குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், மலை இறங்கி நெடுந்தூரம் ஓட்டியதும் அது காணாமல் போயிற்று.

உங்கள் வண்டியின் வால்வு கவர் பிளாஸ்டிக்கா என்று முதலில் பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் அப்படித்தான் வருகிறது. அதற்கு உலோக மரை வேண்டாம். ஒவ்வொரு தடவை திருகும்போதும் பிளாஸ்டிக் மரை தேயும். அசல் மூடியை வைத்துக்கொண்டு, அதன் தலைமேல் மட்டும் ஒரு அலுமினியத் தொப்பி கடைந்து ஒட்டிக்கொள்ளலாம். நண்பர் ஒருவருடைய காருக்கு இப்போது அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.