டிஸ்க் பிரேக் என்று பில் போட்டு டிரம் சிலிண்டரை மாட்டிய பட்டறை

கலிபோர்னியாவின் சான் ஹோசே வட்டாரத்தில் பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் கவனத்துக்கு. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் (சுழலும் தட்டை இரண்டு பேட்கள் கவ்விப் பிடிக்கும் வகை) மாற்றித் தருகிறோம் என்று 2,800 டாலர் வாங்கிக்கொண்ட ஒரு பட்டறை, தள்ளினால்கூட எளிதில் நகராத வண்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்தது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 வி8 எஞ்சின். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சுழலும் டிரம்முக்குள் வளைந்த ஷூக்கள் விரிந்து உரசும் வகை. பெடலை அழுத்தினால் பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். 1967 மாடலில்தான் மஸ்டாங்குக்கு இரட்டை அறை வந்தது. அதனால் டிஸ்க்கோடு இரட்டை அறைச் சிலிண்டரையும் சேர்த்தே கேட்டிருந்தேன்.

பட்டறைக்காரர் வண்டியைப் பார்க்கவே இல்லை. வின் எண் (வண்டியின் அடையாள எண்) இருந்தால் போதும், சரியான பாகத்தை வரவழைத்துவிடுவேன் என்றார். என் வண்டியின் எண் '6ஆர்07சி' என்று தொடங்கும். 6 என்பது ஆண்டு. ஆர் என்பது சான் ஹோசே ஆலை, அதாவது மில்பிடாஸில் இன்று கிரேட் மால் இருக்கும் அதே கட்டடம். 07 என்பது பாடி வகை. சி என்பது எஞ்சின். பிரேக்கைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்குச் சக்கரத்துக்கு நான்கு போல்ட், 9 அங்குல டிரம். வி8 வண்டிக்கு ஐந்து போல்ட், 10 அங்குல டிரம். ஆறு சிலிண்டர் வண்டியில் வி8 எஞ்சினை இறக்கிவிட்டு, பிரேக்கை மட்டும் பழையபடியே விட்டவர்களும் உண்டு. குனிந்து போல்ட்டை எண்ணிப் பார்க்காத ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

வண்டி கைக்கு வந்த அன்றே முன்சக்கரங்கள் கொதித்தன. புது பேட் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில். ஜாக்கி போட்டுத் தூக்கினேன். பெடலை ஒருமுறை அழுத்தி விட்டதும் சக்கரம் இறுகியது, கையால் சுற்றுவதே சிரமமாக இருந்தது. மாஸ்டர் சிலிண்டரில் முன்பிரேக் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தினேன். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் விடுபட்டது. அப்படியானால் காலிப்பரிலோ (பேட்களை அழுத்தும் பாகம்) ஹோஸிலோ கோளாறு இல்லை. பெடலின் தள்ளுகோலிலும் இடைவெளி சரியாகவே இருந்தது. குழாயைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்திச் செருகினேன். உள்ளே ரப்பர் தட்டுப்பட்டது. அழுத்தினால் திருப்பித் தள்ளியது.

அதுதான் ரெசிடுவல் வால்வு. டிரம் பிரேக் குழாயில் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைப்பது அதன் வேலை. டிரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் உண்டு, அந்த அழுத்தம் பொருட்டில்லை. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். ஆக, மாட்டியிருப்பது டிரம் பிரேக்குக்கான சிலிண்டர். பில்லில் இருப்பதோ 'டிஸ்க் மாஸ்டர் சிலிண்டர், புதியது'.

சந்தேகம் வந்தபிறகு பின் டிரம்களையும் கழற்றினேன். இந்த வகை பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்திலும் குட்டை லைனிங் (உரசும் பட்டை) ஷூ முன்பக்கமும் நீள லைனிங் ஷூ பின்பக்கமும் வரவேண்டும். இடது சக்கரத்தில் இரண்டும் குட்டை, வலது சக்கரத்தில் இரண்டும் நீளம்! மழையில் பிரேக் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் புரபோர்ஷனிங் வால்வுக்கும் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். வண்டிக்கடியில் முன்னும் பின்னும் தேடினேன், வால்வே இல்லை.

கலிபோர்னியாவில் வேலையைத் தொடங்கும் முன்பே பட்டறை எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். வேலையைக் கொடுக்கும்போதே கேட்டு வைத்தால் கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தரவேண்டும். நான் கேட்டு எழுதி வாங்கியிருந்தேன். குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புத் துறையில் பில், மதிப்பீடு, நான்கு ஷூக்களின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

நேற்று பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. புகாரைத் திரும்பப் பெற்றால் பாதிப் பணம் தருகிறார்களாம். முழுத் தொகையும் காசோலையாக வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.